பேர் வெட்டின பாத்திரம்

சங்கரன்கோவில் ரத வீதியில் எபினேசர் பாத்திரக்கடை எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். குத்துவிளக்கு முதல் குழம்புக் கரண்டி வரை அங்கே கிடைக்கும் என்பது ஒரு காரணம். வாங்கின பாத்திரத்தில் எபினேசரே உட்கார்ந்து, மெஷினைக் கையில் பிடித்து, டர்ர்ரென்று பேர் வெட்டிக் கொடுப்பார் என்பது அதைவிடப் பெரிய காரணம். கல்யாணம், புது வீட்டுப் பால்காய்ப்பு, காது குத்து என்று எதற்குப் பாத்திரம் எடுத்தாலும், கொடுப்பவர் பேரும் ஊரும் தேதியும் அதில் இருந்தாக வேண்டும். பேர் இல்லாத பாத்திரத்தை இந்தப் பக்கத்தில் யார் மதிக்கிறார்கள்? எபினேசர் வெட்டுகிற எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதைவிடப் பெரிய கர்வம் மகள் சுகிர்தாவின் ஞாபக சக்தியில். சும்மா சொல்லக் கூடாது, அது பெருமைப்பட வேண்டிய ஞாபக சக்திதான். ஒரு பக்கத்தை மூன்று தடவை வாசித்தால் போதும், கமா, முற்றுப்புள்ளி உட்பட அப்படியே ஒப்பிப்பாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்று அறிவித்தால் மற்றப் பிள்ளைகள் இரண்டாம் பரிசு யாருக்கு என்றுதான் பேசிக்கொள்வார்கள். பரிசுக்கான தட்டும் டம்ளரும் எபினேசர் கடையிலிருந்துதான் போகும். போட்டி நடக்கும் முன்பே மனிதர் மகள் பேரை அதில் வெட்டி வைத்துவிடுகிறார் என்று பொறாமை பிடித்தவர்கள் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

அவள் கட்டுரையைப் பார்க்கவே கண்கொள்ளாது. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. உட்தலைப்புக்குக் கறுப்பு மை, மேற்கோளுக்குப் பச்சை ஸ்கெட்ச் பேனா, அதற்கடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. பக்கத்துக்கு இரண்டு மேற்கோளாவது வந்துவிடும். அது எதற்கு அங்கே வந்தது என்று யாரும் கேட்டதில்லை. பட்டுச்சேலைக்குச் சரிகை எதற்கு என்று யாராவது கேட்பார்களா? புத்தகத்தில் உள்ளது உள்ளபடி எழுது, ஒரு எழுத்து மாறக் கூடாது. இதுதான் அவள் படித்த படிப்பு. அந்தப் படிப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இப்படியாகப்பட்ட சுகிர்தா, எம்.ஏ. வரலாறு படிக்க, வீட்டிலிருந்தே தினமும் போய்வருகிற ஏற்பாட்டில், திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். பல்கலைக்கழகம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நூலகத்தில் யாரும் விரட்டாமல் நாள் முழுக்க உட்காரலாம். படித்து முடித்து அவளும் இப்படி ஒரு துறையில் போய்ப் பாடம் நடத்த வேண்டும் என்ற ஆசை, வெளியே சொல்லக் கூச்சப்பட்டாலும், உள்ளே நன்றாக வேர் பிடித்திருந்தது.

முதல் பருவத்தில் கட்டுரை ஒன்று எழுதச் சொன்னார் பேராசிரியர் சுபைதா பேகம். தலைப்பு, ‘எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு மாற்றம்’. எட்டுப் பக்கம். சுகிர்தாவுக்கு இது ஒரு வேலையா? நூலகத்தில் மூன்று புத்தகங்களை எடுத்தாள். வேண்டிய பக்கங்களை நெட்டுருப் போட்டாள். போதாததற்கு, பேராசிரியரே எப்போதோ ஓர் ஆய்விதழில் எழுதியிருந்த கட்டுரை கண்ணில் பட்டது. ‘ஆகா, மேடம் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்’ என்று அதிலிருந்தும் ஒரு முழுப் பக்கத்தை மனப்பாடம் செய்து சேர்த்துக்கொண்டாள். மரியாதைதான், வேறென்ன?

ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தலையை வாரி, முகம் கழுவிக்கொண்டு போனாள்.

சுபைதா பேகம் கடையநல்லூர்க்காரர். அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. மேசையில் சுகிர்தாவின் கட்டுரை விரித்துக் கிடந்தது. முழுக்க முழுக்கக் கலர் அடித்திருந்தது.

“மஞ்சள் அடிச்சதெல்லாம் முதல் புத்தகம்,” என்றார் அவர். “பச்சை ரெண்டாவது. ரோஸ் மூணாவது. சரியா இருக்கான்னு பாரு.”

பார்த்தாள். மிகச் சரியாக இருந்தது.

“இந்த ஆரஞ்சு, மேடம்?”

“அது நான். என் கட்டுரையை அச்சடிச்சவங்க ஒரு வரியைத் தவறுதலா ரெண்டு தடவை போட்டுட்டாங்க. நீயும் ரெண்டு தடவை எழுதியிருக்க.”

“ஒரு எழுத்துக்கூட மாத்தல, மேடம்,” என்றாள் சுகிர்தா பெருமையாக. சொன்ன பிறகுதான் அந்த அறையில் பெருமைக்கு இடமில்லை என்று உறைத்தது.

“தெரியுதும்மா. இப்போ கலர் படாத இடத்தை மட்டும் வாசி.”

சுகிர்தா வாசித்தாள். “மேலும்... ஆகவே... இதனால்... எனவே... முடிவாக...”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான், மேடம்.”

“எட்டுப் பக்கத்துல நீ எங்கம்மா இருக்க?”

சுகிர்தா ‘எனவே’யில் இருந்தாள்.

சுபைதா பேகம் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “அடுத்தவங்க வார்த்தையை எடுத்து, அவங்க பேரைச் சொல்லாம, உன் பேர்ல கொடுத்தா அதை இங்கே எழுத்துத் திருட்டுன்னு சொல்லுவோம். நீ தெரிஞ்சு செய்யலன்னு எனக்குப் புரியுது. ஆனா இதை விசாரிக்கிற கமிட்டிக்குப் புரியாது. எடுத்தா மேற்கோள் குறி போடு. யாரு, எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம்னு அடிக்குறிப்புல சொல்லு. அந்தக் குறிக்குள்ள ஒரு எழுத்து மாத்தாத, அது உனக்கு நல்லாவே வரும். அதைப் போட்டதும் நகர்ந்து போயிடாத. ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு, ஆனா இப்படியும் இருக்கேன்னு சொல்லு. ஏதாவது நீ சொல்லணும்.”

“என்ன சொல்லணும், மேடம்?”

“அதை நான் சொன்னா அப்புறம் அதையும் அப்படியே எழுதிருவ.” அவர் லேசாகச் சிரித்தார். “அடுத்த வெள்ளிக்கிழமை புதுசா எழுதிக் கொண்டா. அதுவும் இப்படியே இருந்தா கமிட்டிக்கு எழுதுறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. இந்தப் பருவம் போயிரும்மா.”

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் சுகிர்தா வெளியே பார்க்கவில்லை. திருட்டு என்ற சொல் காதிலேயே நின்றது. இருபத்தொரு வயது வரை எதற்காகக் கைதட்டல் வாங்கினாளோ, அதற்குப் பேர் திருட்டாம். அழுகை வந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் கேட்பாரே என்று கண்ணில் தூசி விழுந்த மாதிரி கசக்கிக்கொண்டாள்.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? எபினேசர் தோண்டித் துருவிக் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மனிதருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“ஒரு எழுத்து மாத்தாம எழுதினா களவா? அப்ப மாத்தி மாத்தி எழுதினா யோக்கியமா? என்னட்டி நியாயம் இது?”

கேட்கும்போது அது நியாயமாகத்தான் பட்டது. சுகிர்தாவுக்கே பட்டது.

“ரெண்டு பேரு முன்னால நான் தலைநிமிந்து நடக்கேன்னா அது உன்னாலதான். களவாணின்னு பேரு வாங்கவா உன்னய அனுப்பினேன்? அடுத்த வெள்ளிக்கும் இதே பேச்சு வந்துதுன்னா, டி.சி.யை வாங்கிட்டு வந்துரு. படிச்சது போதும். கடையில இரி.”

“யப்பா...”

“ஒண்ணும் பேசாத. சாப்பிடு.”

அம்மா ஷீலா ஏதோ சொல்ல வாயெடுத்து, கணவர் முகத்தைப் பார்த்து, ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு பக்கம் கமிட்டி, ஒரு பக்கம் அப்பா. இரண்டுக்கும் ஒரே கெடு. அந்த நூலகத்துக்கு இனிமேல் போகவே முடியாது என்று நினைத்தபடி சுகிர்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. கடையில் வியாபாரம் நன்றாக ஓடுகிற நாள். சுகிர்தா பின்பக்கம் உட்கார்ந்து தட்டுகளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். குருவிகுளம் பக்கத்திலிருந்து துரைப்பாண்டி என்ற விவசாயி வந்தார். பழைய வாடிக்கை. கையில் சாக்கில் சுற்றின ஓர் எவர்சில்வர் அண்டா. சாக்கைப் பிரித்தால், பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

“என்னவே, திருப்பிக் கொண்டாந்துட்டீரு?” என்றார் எபினேசர்.

“திருப்ப இல்ல அண்ணாச்சி. நம்ம பால்காய்ப்புக்குப் பாண்டிராஜ் செய்முறையாக் குடுத்தது. பரண்லயே கெடந்துது, அடுப்புல ஏத்தவே இல்ல. இப்பம் சகலப்பாடி வீட்டுல ஒரு விசேஷம். இந்தப் பேர மட்டும் தேச்சு அழிச்சுட்டு, நம்ம பேர வெட்டிக் குடுத்திருங்க. கூலி என்னவோ குடுத்திருதேன்.”

எபினேசர் அண்டாவைத் திருப்பிப் பார்த்தார். அவர் வெட்டின எழுத்துதான். ‘ப. பாண்டிராஜ், சிவகிரி, அன்பளிப்பு’.

“இது ஆகாது வே.”

“ஏன், மெஷின் ரிப்பேரா?”

“மெஷினுக்கு என்ன? அடுத்தவன் குடுத்த பாத்திரத்துல உம்ம பேர வெட்ட எனக்குக் கை வராது. பாண்டிராஜ் தேடிப் புடிச்சு, கனமா வேணும்னு நின்னு வாங்கினான். அவன் பேர அழிச்சுட்டு நீரு குடுத்ததாச் சொன்னா, அது என்ன நியாயம்?”

“யாருக்கு அண்ணாச்சி தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்லா. வெட்டினவன் நாந்தான?” எபினேசர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “வேணும்னா ஒண்ணு செய்யுதேன். அவன் பேரு அப்படியே இருக்கட்டும். கீழ ‘துரைப்பாண்டி மூலமாக’ன்னு போட்டுத் தாரேன். ஊருக்கு விவரம் சுத்தமாத் தெரிஞ்சிரும்.”

“அது என்ன கூத்து! சகலப்பாடி காலமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்,” என்று துரைப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்தார், கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். கடைசியில் வேறு குடம் ஒன்றை எடுத்து, அதில் அவர் பேரை வெட்டி வாங்கிக்கொண்டு, அண்டாவைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

சுகிர்தா கையில் பிடித்த தட்டு பிடித்தபடியே இருந்தது. நேற்று பேராசிரியர் அத்தனை பொறுமையாகச் சொன்னபோது மண்டையில் ஏறாத விஷயம், இப்போது நெஞ்சில் வந்து குத்தியது. எழுந்து அப்பா பக்கத்தில் வந்து நின்றாள்.

“யப்பா, நான் செஞ்சதும் இதுதான்.”

“எது?”

“கட்டுரையில. நாலு வீட்டுப் பாத்திரத்த எடுத்திருக்கேன். மேடம் வீட்டுதும் ஒண்ணு. பேர எல்லாம் அழிச்சுட்டு என் பேர வெட்டிக் குடுத்திருக்கேன்.”

எபினேசர் மெஷினின் வயரை மெதுவாகச் சுற்றினார். சுற்றினதைப் பிரித்து மறுபடியும் சுற்றினார். “டீ குடிச்சுட்டு வாரேன், கடையப் பாத்துக்க,” என்று இறங்கிப் போனார். கடை நேரத்தில் அவர் டீக்கு இறங்கினதே கிடையாது, வீட்டிலிருந்து பிளாஸ்க்கில்தான் வரும். ரொம்ப நேரம் கழித்து வந்தார்.

“அந்த மேடத்து மேல தப்பில்ல,” என்றார் கல்லாவைப் பார்த்துக்கொண்டே. “ஆனா நான் சொன்ன சொல்லு சொல்லுதான். அடுத்த வெள்ளிக்குள்ள ஒழுங்கா எழுது.”

ஒழுங்காக எழுது என்று சொல்வது எளிது. சுகிர்தா தாளை எடுத்து உட்கார்ந்தாள். ‘வணிகம் என்பது மனித நாகரிகத்தின்...’ என்று பேனா ஓடியது. நிறுத்தினாள். அது எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், மேலிருந்து எத்தனையாவது வரி என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. அடித்தாள். வேறு மாதிரி ஆரம்பித்தாள். அது பத்தாம் வகுப்புப் பாடம். அதையும் அடித்தாள். ஞாயிறும் திங்களும் இப்படியே போயின. தலைக்குள் எத்தனையோ பேர் பேசினார்கள். அவள் குரலை மட்டும் காணோம். அப்படி ஒன்று இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையின் பின்னறையில் வேறெதற்கோ நுழைந்தாள். புதுப் பாத்திரத்துக்கு மாற்றாக ஜனங்கள் போட்டுவிட்டுப் போன பழைய பாத்திரங்கள் அங்கே குவிந்து கிடந்தன. மதுரை வியாபாரி வந்து எடைக்கு எடுத்துக்கொண்டு போகும்வரை அவை அங்கேதான் கிடக்கும். சுகிர்தா ஒரு பித்தளைச் செம்பை எடுத்து விளிம்பைப் பார்த்தாள். தேய்ந்துபோன இரண்டு எழுத்தும் ஓர் ஊர்ப் பேரும். இன்னொன்றை எடுத்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

பித்தளையில் எல்லாம் ஆண்களின் பேர்தான். தாய்மாமன் பேர், பெரியப்பா பேர், ஊர்த் தலைவர் பேர். பழைய எவர்சில்வரிலும் அப்படியே. கொஞ்சம் பிந்தின தேதிகளில் ‘மணமக்கள்’ என்று வந்தது, அதிலும் மாப்பிள்ளை பேருக்கு அடுத்துத்தான் பெண் பேர். மகளிர் குழுக்காரர்கள் மாதாமாதம் பணம் கட்டிப் பாத்திரச் சீட்டுப் போட ஆரம்பித்த பிறகு திடீரென்று பெண்கள் பேராக வருகிறது. ‘இசக்கித்தாய், குருவிகுளம்’ என்று ஒரு குத்துப்போணியில் தனியாக, முன்னால் யாருமில்லாமல், பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அடேயப்பா, இது எந்தப் புத்தகத்திலும் இல்லையே!

ஓடிப்போய்ப் பேனாவும் தாளும் எடுத்து வந்தாள். ஒவ்வொன்றையும் உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டாள். மேற்கோள் குறிக்குள் ஒரு எழுத்து மாறக் கூடாது, அது அவளுக்குக் கைவந்த கலை. பாத்திரம், உலோகம், தேதி எல்லாம் அடிக்குறிப்பில் போயின. ஒரு தாம்பாளத்தில் ‘வாழ்க வளமுட’ என்று நின்றிருந்தது. எழுத்தைப் பெரிதாக ஆரம்பித்து, கடைசியில் இடம் போதாமல் போயிருக்கிறது. எபினேசர் தொழில் பழகின காலத்தில் வெட்டினது.

“அந்த ‘ன்’னையும் சேத்து எழுதிக்கோட்டி,” என்றார் அவர், எட்டிப் பார்த்து. “படிச்சவுக பாப்பாக, எனக்கு மானம் போவும்.”

“மாட்டேம்ப்பா. மேற்கோள்ல கை வைக்கக் கூடாது.”

எபினேசர் மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். துரைப்பாண்டியிடம் பேசின பேச்சு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கல்லாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா புறவாசல் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சுகிர்தா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்டுபிடித்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். ஷீலாவுக்கு அதில் ஓர் அதிசயமும் தெரியவில்லை.

“யாரு பேர வெட்டினா என்னட்டி? தேய்க்கது நாந்தான,” என்று சொல்லிவிட்டு, தேங்காய்நாரில் சபீனாப் பொடியைத் தொட்டார்.

“இத அப்படியே எழுதட்டுமாம்மா? உன் பேரப் போட்டு?”

“எதை? பாத்திரம் தேய்க்கதையா? வேற சோலி இல்லையா உனக்கு?” என்றார் ஷீலா. ஆனால் முகம் கொஞ்சம் மலர்ந்திருந்தது. “போடணும்னா இனிஷியலோட போடு.”

சுகிர்தா எழுதினாள். மேற்கோள் குறி போட்டு அம்மா சொன்னதை எழுதினாள். அடிக்குறிப்பில், இனிஷியலோடு, நேரில் சொன்னது என்று குறித்தாள். பச்சை ஸ்கெட்ச் பேனாவைத் தேடவில்லை. அடுத்த வரியில் பேனா நின்றது. போட்டுவிட்டு நகரக் கூடாது, ஏதாவது சொல்ல வேண்டும். அம்மா சொல்வதற்கு ஆமாம் சொல்வதா, இல்லை சொல்வதா? ரொம்ப நேரம் குழாயடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். ‘யார் பெயரானால் என்ன என்று சொல்ல முடியவில்லை. பாத்திரத்தைத் தேய்த்தவளின் பெயர் பாத்திரத்தில் ஏற ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது.’

வெள்ளிக்கிழமை சுபைதா பேகம் கட்டுரையை அவள் முன்னாலேயே படித்தார். கலர் பேனாக்களைத் தொடவில்லை. ‘வாழ்க வளமுட’வில் வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்தாவது பக்கத்தில் விரல் நின்றது.

“இந்த வரிக்கு அடிக்குறிப்பு இல்லையே?”

சுகிர்தா குனிந்து பார்த்தாள். ‘பாத்திரத்தைத் தேய்த்தவளின் பெயர்...’

“அது... எனக்குத் தோணுச்சு, மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. படிச்சதெல்லாம் உன் தலைக்குள்ள இருக்கே. எங்கேயாவது பார்த்தியா?”

சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினாள். எந்தப் பக்கத்திலும் அது இல்லை.

“இல்ல மேடம். யாரும் சொல்லல. நாந்தான் சொல்லுதேன்.”

சுபைதா பேகம் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டார். “சரி. திங்கட்கிழமை செமினார்ல இதைப் பேசு. தாளைப் பார்க்காம.”

சுகிர்தா பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். கமிட்டி இல்லை, பருவம் போகவில்லை. ஆனால் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது எபினேசர் ‘ம்’ என்றார். டி.சி. பேச்சை எடுக்கவுமில்லை, விடவுமில்லை. அந்த ‘ம்’மைக் கேட்டு அவள் சந்தோஷமெல்லாம் வடிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆராதனைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த எபினேசர், சாயங்காலக் காப்பியைக் குடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“அந்தக் கட்டுரையத் தா. நாளைக்குப் பாக்காமச் சொல்லணும்லா, நான் பிடிச்சுப் பாக்கேன்.”

வழக்கமாக அவர்தான் பிடித்துப் பார்ப்பார். தாளை மடியில் வைத்து, வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். மகள் ஒரு சொல் பிசகினால் விரல் நிற்கும். அது நின்ற நாட்கள் ரொம்பக் குறைவு.

சுகிர்தா எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தாள். முதல் பக்கம் சரியாகப் போனது. பித்தளைச் செம்புகள் வந்தன. தாம்பாளம் வந்தபோது எபினேசர் லேசாகச் செருமிக்கொண்டார், அவ்வளவுதான். அம்மா சொன்னது வந்தது. உள்ளேயிருந்த ஷீலா வாசற்படிக்கு வந்து நின்றுகொண்டார். அம்மாவின் கையைப் பார்த்தபடியே சுகிர்தா அடுத்த வரியைச் சொன்னாள்.

“பாத்திரத்தைத் தேய்த்தவளின் பெயர் அதில் ஏறுவதற்குள், கொடுத்தவர் பெயரை அவள் கையே தேய்த்து அழித்திருக்கிறது.”

விரல் நின்றது.

“நில்லு, நில்லு. தாள்ல அப்படி இல்ல. ‘ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது’ன்னுல்லா போட்டிருக்கு. சரியாச் சொல்லு.”

சுகிர்தாவுக்குக் கடையின் பின்னறை ஞாபகம் வந்தது. அந்தப் பழைய செம்புகளில் பாதிப் பெயர்கள் தேய்ந்துபோய், தடவிப் பார்த்தால்தான் தெரிந்தன. இப்போது சொன்னதையே மறுபடியும் சொன்னாள்.

எபினேசருக்கு முகம் மாறிவிட்டது. “என்னட்டி, மறந்துட்டியா?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. சுகிர்தா மறந்து அவர் பார்த்ததே இல்லை.

“மறக்கலப்பா. இப்பம் சொன்னதுதான் சரி. தாள்லதான் தப்பு.”

அவர் தாளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இத்தனை வருஷம் விரலை ஓட்டியிருக்கிறார், தாளில் தப்பு என்று ஒருநாளும் ஒருவரும் சொன்னதில்லை.

“எழுதினத இப்படி மாத்தலாமா? மேற்கோள்ல கை வைக்கக் கூடாதுன்னு நீதானட்டி சொன்ன?”

“இது மேற்கோள் இல்லப்பா. யாரும் சொன்னது இல்ல. என்னோடது. நான் மாத்தலாம்.”

எபினேசர் அந்த வரியை உதட்டுக்குள் ஒரு தடவை வாசித்தார். மகள் சொன்னதையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் அழுத்தி அழுத்தி வெட்டின பேர்கள் என்னவாயின என்று யோசித்தாரோ என்னவோ, வாசற்படியில் நின்ற ஷீலாவின் கையைப் பார்த்தார். ஷீலா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“உள்ளதுதான்,” என்றார் எபினேசர்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளைத் தொடையில் வைத்து, அந்த வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே இருந்த இடைவெளியில் பேனா முனையை வைத்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“காலையில முதல் பஸ்ஸுக்குப் போவணும்லா? சீக்கிரம் முடிப்போம். மெதுவாச் சொல்லு மக்கா, எழுதிக்கிடுதேன்.”

சுகிர்தா சொன்னாள். அப்பா எழுதினார்.